கிளாராவுக்காகச் சுற்றிய செம்புக்கம்பி

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் எஸ்டேட் லாரியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தோம். நான், என் வீட்டுக்காரர் அருளப்பன், அவர் மடியில் ஒரு கிதார்.

கிதாரை ஆள் கணக்கில் சேர்க்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு அந்த லாரியில் ஆளுக்குரிய மரியாதை அதற்குத்தான் கிடைத்தது. கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் கொடுத்த கம்பளியில் அதைச் சுற்றி வைத்திருந்தார். பாதை முழுக்கக் கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கிதாரின் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டார். ஒரு வளைவில் லாரி தூக்கிப் போட்டதில் என் நெற்றி பக்கப் பலகையில் ணங்கென்று மோதியது.

“மெதுவா!” என்று கத்தினார்.

டிரைவரைத்தான் சத்தம் போடுகிறார் என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அப்படியில்லை. நான் சாயும்போது என் முழங்கை கிதாரில் இடித்துவிட்டதாம்.

அது எனக்காகச் செய்த கிதார் இல்லை. அவருக்காகவும் இல்லை. மேலே எஸ்டேட்டில் அதற்காகக் காத்திருந்தவள் பெயர் கிளாரா. அந்தப் பெயரைக் கேட்காமல் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்கிப் பல மாதமாகியிருந்தது.

ரங்கூனிலிருந்து வந்தவள்

எங்கள் ரேடியோக் கடையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ரேடியோ வேலை பழகிய என் வீட்டுக்காரர், யுத்தம் முடிந்த கையோடு தேனி பஜாரில் ஓர் அறை பிடித்துக் கடை போட்டார். முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். ஈயப் பற்று வைக்கும் புகையும் ரசம் தாளிக்கும் புகையும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

எஸ்டேட் ரைட்டர் சேவியர், அதாவது கணக்கெழுதும் தலைமைக் குமாஸ்தா, எங்கள் ராயப்பன்பட்டிப் பக்கத்துக்காரர். ரேடியோ ரிப்பேர் என்றால் எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவார். ஒருநாள் அவர் கூட ஒரு பெண் வந்தாள். வெள்ளைப் புடவை, காதில் ஒன்றுமில்லை, கையில் ஒன்றுமில்லை.

“என் தங்கச்சி. ரங்கூன்ல கட்டிக் குடுத்திருந்தோம். குண்டு போட்டப்ப நடந்தே வந்தவுக கூட்டத்துல இவளும் வந்தா. மாப்பிள்ள வழியிலயே போயிட்டாரு” என்றார் சேவியர்.

கிளாரா என்னைப் பார்த்து, “சௌக்கியமா அக்கா?” என்றாள். என்னைவிட அவளுக்கு மூன்று வயதாவது கூட இருக்கும். அந்த ‘அக்கா’விலேயே எனக்குப் பற்றிக்கொண்டது.

ரங்கூனில் அவள் கிதார் பழகியிருந்தாளாம். மடியில் படுக்கப் போட்டு, தந்தியின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே வாசிக்கும் வகை. அங்கே ஒரு பாண்டு வாத்தியக் குழுவில் கரண்டில் வேலை செய்கிற கிதாரைப் பார்த்திருக்கிறாள். சாதாரணக் கிதார்போல வயிறு உப்பி இருக்காதாம், வெறும் கட்டைதானாம், தந்தி அதிர்வதை ரேடியோப் பெட்டி பெரிதாக்கிச் சொல்லுமாம்.

“அப்படி ஒண்ணு உங்களால செய்ய முடியுமாண்ணே?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அப்புறம் நடந்து வந்த கதையைச் சொன்னாள். பாதை நெடுகச் சாமான்களைப் போட்டுக்கொண்டே வந்தார்களாம். முதலில் பாத்திரம், பிறகு துணி. கிதாரைக் கடைசிவரை சுமந்து வந்திருக்கிறார் அவள் புருஷன். அவருக்குக் காய்ச்சல் வந்த பிறகு, ஒரு மரத்தடியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார்களாம். “யாராவது எடுத்து வாசிப்பாகன்னு நிமித்தி வச்சாரு” என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் கண் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் தலைப்பிள்ளை பிறந்து ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் இந்த மனுஷன் எழுந்து கடையைத் திறந்தார். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் நான் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளைக்குப் பால் சொம்பு எடுத்துக் கொடுப்பதுபோல, யாரோ ஒருத்தியின் துக்கத்துக்கு இவர் கண்ணீர் விடுகிறாரே என்று இருந்தது எனக்கு. அவளுடைய நகை மேல், புடவை மேல் பொறாமைப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவள். நான் பொறாமைப்பட்டது அவள் துக்கத்தின் மேல். அப்படியும் ஒரு பொறாமை உண்டா என்று கேட்பவர்கள் பாக்கியசாலிகள்.

காது வைத்த கட்டை

கட்டைக்குப் பஞ்சமில்லை. பெரியகுளத்து மர வாடியில் நன்றாகக் காய்ந்த பலாப் பலகை கிடைத்தது. சிக்கல் எல்லாம் பிக்கப்பில். தந்தியின் அதிர்வைப் பிடித்து ரேடியோவுக்குக் கொடுக்கிற காது அது. அப்போது அது கடையில் விற்கும் பொருளல்ல. நாமே செய்ய வேண்டும்.

முதலில் பட்டாளத்துக் கழிவில் வாங்கிய ஹெட்போன் ஒன்றைப் பிரித்து, அதில் ஒரு பக்கத்தைக் கட்டையின் அடியில் திருகினார். அது தந்தியை மட்டுமா கேட்டது? மோதிரம் கட்டையில் பட்டால் இடி இடித்தது. நான் பின்னறையில் தேங்காய் உடைத்தது பஜார் முழுக்கக் கேட்டது. ரேடியோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, பாட்டுப் பெட்டியின் ஊசியைப் பிடிக்கிற தலை. அதை மரத்தில் படும்படி வைத்தார். சத்தம் சுத்தமாக வந்தது. ஆனால் மெலிசு, கொசு பாடுவது மாதிரி. கிளாரா வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல எலும்பு இருக்கு, சதை இல்ல” என்றாள். அவர் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அதைவிட நல்ல நல்ல பேச்செல்லாம் பேசியிருக்கிறேன், யார் கவனித்தார்கள்? சித்திரை வெயிலில் அந்தத் தலைக்குள் அதிர்வைப் பிடிக்க வைத்திருந்த உப்புக்கல் உருகிப்போய், கொசுவும் வாயை மூடியது.

மூன்றாவதுதான் சரியான வழி. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் தடிமன்கூட இல்லாத செம்புக்கம்பிச் சுருள். இரும்புத் தந்தி அதன் மேலே அதிர்ந்தால் சுருளில் கரண்டு பிறக்கும். இருமலும் தேங்காயும் அதன் காதில் ஏறாது. ஒரு பழைய பஸ் இன்ஜினின் மாக்னெட்டோவைப் பிரித்துக் காந்தம் எடுத்தார். எரிந்துபோன ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பி.

கம்பியைச் சுற்றுவதில்தான் அவர் தோற்றார். அவர் கை காய்ப்பேறிய கை. கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் சிக்கல் விழுந்துவிடும். எனக்குச் சீதனமாக வந்த தையல் மிஷின் பக்கத்தில் இருந்தது. பாபினில் நூல் சுற்றுகிற இடத்தில் அவர் செய்த சிறு சட்டத்தை மாட்டி, கம்பியை விரல் நுனியில் ஓடவிட்டு மெல்லச் சக்கரத்தைச் சுற்றினேன். அறுந்துபோகவில்லை.

“ஏ ரோசம்மா! உன் கையில என்னடி இருக்கு?” என்றார்.

அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. சாயங்காலம் சுருளைத் தந்திக்கு அடியில் பொருத்தி, ரேடியோவைப் போட்டு, ஒரு தந்தியைச் சுண்டினார். பின்னறைச் சுவர் அதிர்ந்தது. தேன் ஊற்றுவது மாதிரி ஒரு சத்தம், நின்று நிதானமாக அடங்கியது. நான் செய்தது அது. என் விரல் வழியாக ஓடின கம்பி பேசுகிறது.

அவர் சொன்ன முதல் வார்த்தை: “கிளாரா கேட்டா சொக்கிருவா.”

அவளுக்குப் பிடிக்கிற இடம்

அதற்குப் பிறகு எல்லாம் அவள் காதுக்குத்தான். பிக்கப்பைத் தந்தி முடிகிற கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் கூர்மையாக வந்தது. கொஞ்சம் நடுப்பக்கம் தள்ளினால் குழைந்து வந்தது. எனக்குக் கூர்மைதான் பிடித்தது. கோயிலில் பாடகர் குழுவில் பாடிப் பழகியவள் நான். சுதி எது, சத்தம் எது என்று தெரியாதவளில்லை. ஆனால் கேட்டால்தானே சொல்ல முடியும்?

கிளாரா மலையிலிருந்து லாரியில் இறங்கி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “கொஞ்சம் உள்ள தள்ளுங்கண்ணே… இன்னும் கொஞ்சம்… இங்கனயே நிறுத்துங்க.” அங்கேயே துளை போட்டார்.

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் வாசித்தபோது நான் பின்னறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை தானாக நின்றுவிட்டது. அவள் சொன்ன இடம்தான் சரி. அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு குறைதான் மிச்சம். வாசிக்காத நேரத்தில் ரேடியோ ‘உம்ம்’ என்று தேன்கூடுபோல இரைந்தது. தந்தியைக் கையால் தொட்டால் இரைச்சல் குறையும், விட்டால் ஏறும். “அந்த இரைச்சல் மட்டும் போயிட்டா நல்லாருக்கும்” என்றாள் கிளாரா, போகிற போக்கில். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தந்திகள் முட்டுகிற இரும்புத் தகட்டிலிருந்து ஓர் ஒயரை எடுத்து, பிக்கப் ஒயருக்கு மேல் போர்த்திய செம்புப் பின்னலோடு சேர்த்துப் பற்றுவைத்தார். அந்தப் பின்னல் போய்ச் சேர்வது ரேடியோவின் இரும்புச் சட்டத்தில். இரைச்சல் ஒடுங்கிப்போனது.

“பாத்தியா, பிள்ளை தூங்குன மாதிரி இருக்கு” என்றார்.

பிள்ளை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த ஒரு வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பனி இறங்கிய மத்தியானம்

இனி லாரிக்கு வருகிறேன். அது கிறிஸ்துமஸ் நாள். எஸ்டேட்டில் பூசை முடிந்து, மத்தியானத்துக்கு மேல் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் எல்லாரும் கூடுகிற இடத்தில் கிளாரா வாசிப்பதாக ஏற்பாடு. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. சிமெண்டுத் தரை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி உள்ளே வரைக்கும் வந்து தரையெல்லாம் ஈரம். தேயிலை வாட்டும் வாசனை. ஃபாக்டரி இன்ஜின் தூரத்தில் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மலைக்குக் கரண்டு கொடுத்தது அந்த இன்ஜின்தான்.

வழக்கமாக நாங்கள் ரிப்பேர் பார்க்கிற ரேடியோ அங்கே இல்லை. பெரிய நாள் என்று எஸ்டேட் துரை தன் பங்களா ரேடியோவையே கொடுத்தனுப்பியிருந்தார். பளபளவென்று புதுசு. என் வீட்டுக்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பின்பக்கம் திறந்து பார்க்க நேரமில்லை. துரை வீட்டுச் சாமானைத் திறக்கத் தயக்கமும் இருந்திருக்கும். கிதாரை மாட்டினார், ரேடியோவைப் போட்டார். இரைச்சலே இல்லை. “ஒரு நிமிசம், சேவியர் அண்ணனப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று கூட்டத்துக்குள் போனார்.

நாற்காலியில் கிடந்த கிதாரின் மேல் பனி முத்து முத்தாகப் பூத்திருந்தது. தந்தி துருப்பிடித்துவிடுமே என்று முந்தானையால் துடைக்கப் போனேன். வெறுங்கால். ஈரத் தரை.

விரல் தந்தியில் பட்டதும் யாரோ தோள்பட்டையில் உலக்கையால் போட்டது மாதிரி இருந்தது. பின்னால் போய் விழுந்தேன். பல் நாக்கில் பட்டு ரத்தம். வலது கை என்னுடையதாகவே இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை, அதற்குள் கிளாரா வந்துவிட்டாள். நான் தரையில் கிடப்பதைக்கூட அவள் பார்க்கவில்லை; பனி மூட்டம், ஜனக் கூட்டம். புது வெள்ளைப் புடவை. வெறுங்கால். நேரே நாற்காலிக்குப் போய் கிதாரை எடுக்கக் குனிந்தாள்.

“தொடாதீக!” என்று அலறினேன். “கிளாரா, தொடாதீக!”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். நான் தரையில் உட்கார்ந்து கத்துவதைப் பார்த்தார். முகம் கறுத்தது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“ரோசம்மா, இன்னைக்காவது விடு.”

கரண்டு அடித்தது ஒரு பக்கம். இது ஒரு பக்கம். அப்படியென்றால் இவருக்குத் தெரியும். அத்தனை மாதமும் என் நெஞ்சு எரிந்தது இவருக்குத் தெரியும். தெரிந்துதான் ‘கிளாரா, கிளாரா’ என்று சோற்றைப் பிசைந்திருக்கிறார்.

அழ நேரமில்லை. தவழ்ந்துபோய் இடது கையால் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

“என்ன காரியம் பண்ற?” என்றார் சேவியர்.

“தந்தியில கரண்டு நிக்கிது” என்றேன். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

என் வீட்டுக்காரர் பையிலிருந்து சோதனை பல்பை எடுத்தார். பிளக்கைத் திரும்பச் சொருகி, பல்பின் ஒரு முனையைத் தந்தியிலும், மறுமுனையை வாசலில் இருந்த தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். பல்ப் எரிந்தது.

துரையின் ரேடியோ, கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத வகை. அதில் இரும்புச் சட்டத்திலேயே கரண்டு நிற்கும். அந்தச் சட்டத்தைத்தான் இவர் ஒயர் வழியாகத் தந்திகளுக்குக் கொண்டுவந்திருந்தார், இரைச்சல் போக. எங்கள் கடை ரேடியோவில் அது பாதுகாப்பு. இங்கே அது எமன். இரண்டு கையாலும் தந்தியைப் பிடித்து வாசிக்கிறவள் என்ன ஆகியிருப்பாள் என்று அங்கே இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் பல்பை வைத்துவிட்டுக் கேட்டார்:

“கிளாரா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?”

அவள் கிதாரைத் தொடவே இல்லை. அவளைக் கேட்டார்.

கிளாரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்படி அவள் பார்த்து நான் கண்டதில்லை. “எனக்கென்னண்ணே ஆச்சு? ஷாக் அடிச்சது அவுகளுக்கு. கண்ணு தெரியலயா?” என்றாள். ஈரத் தரையில் புதுப் புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்துப்போன என் கையை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் விரல் நுனிகள் கரடுமுரடாக இருந்தன. தந்தி அழுத்தி அழுத்திக் காய்ப்பேறிய விரல்கள்.

“அந்தச் சுருளைச் சுத்துனது நீங்கதான்னு அண்ணே சொன்னாரு” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு தடவை பேசும்போதும் சொல்வாரு. என் வீட்டுக்காரி கை, என் வீட்டுக்காரி கைன்னு. கேட்டுக்கிட்டே இருக்கிறப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை.

இரைச்சலோடு ஒரு பாட்டு

கரி அடுப்பில் பற்றுக்கோலைக் காய்ச்சி, தகட்டிலிருந்து வந்த ஒயரை என் வீட்டுக்காரர் அறுத்தெறிந்தார். பிக்கப்பிலிருந்து வருகிற இரண்டு ஒயரிலும் ஒவ்வொரு கண்டென்சர் வைத்து, ரேடியோக் கரண்டு இந்தப் பக்கம் வராமல் தடுத்தார். நாற்காலிக்கு அடியில் பலகையும் சாக்கும் போட்டார். சோதனை பல்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. பல்பை நம்பாமல், தானே வெறுங்காலோடு ஈரத்தில் நின்று தந்தியைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் அவளிடம் கொடுத்தார்.

இரைச்சல் திரும்ப வந்துவிட்டது. இன்ஜினின் முனகலும் கூடவே கேட்டது. கிளாரா அதற்கு மேலேயே வாசித்தாள். பாலன் பிறந்த பாட்டுத்தான், எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. இரும்புத் துண்டு தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும்போது கொட்டகையில் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. என் கையில் விறுவிறுவென்று உயிர் வந்துகொண்டிருந்தது. அழகாக வாசித்தாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் வேறு ரகப் பொறாமை. என் புருஷனை வைத்து எழுந்த பொறாமை இல்லை, அந்த விரல்களைப் பார்த்து எழுந்தது.

கீழே இறங்கும்போது லாரியில் கிதார் இல்லை. மூட்டையும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் பேச ஆரம்பித்தபோது பாதி மலை இறங்கியிருந்தோம்.

“அடக்கம் முடிஞ்ச மறுநாளே கடையத் திறந்தேனே…” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. லாரிக் குலுக்கல் இல்லை அது.

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கென்று ஒன்று

கிளாராவுக்கு மறு வருஷமே மதுரைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் சங்கீத டீச்சர் வேலை கிடைத்தது. கிதாரை எடுத்துக்கொண்டு போனாள். போகும்முன் என்னை உட்கார வைத்து இரும்புத் துண்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். “சீக்கிரம் வந்துரும் அக்கா” என்றாள். அந்த ‘அக்கா’வை நான் அதற்குள் மன்னித்திருந்தேன்.

அவள் போன பிறகு, “எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க” என்றேன்.

“நீ வாசிப்பியா?”

“செஞ்சு குடுங்க. வாசிக்கிறது என் பாடு.”

சிரித்தார். பலகை வாங்கிவந்தார். பிக்கப் எங்கே வேண்டும் என்றார். நான் கூர்மையாக ஒலிக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் அங்கேயே துளை போட்டார். சுருளுக்குக் கம்பி எவ்வளவு என்று கேட்டார். “அவுகளுக்குச் சுத்துனத விடக் கொஞ்சம் கூட” என்றேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

எனக்குக் கிளாரா அளவுக்கு வாசிப்பு வரவில்லை. வயதாகியும் நாலைந்து கோயில் பாட்டுக்கு மேல் தேறவில்லை. அவள் வாசித்தபோதெல்லாம் என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். நான் வாசிக்கும்போது அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, கண்ணை மூடியதுமில்லை. நான் கிதாரை மடியில் வைத்தால், எழுந்துபோய்ச் சுவரோரம், சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். பாட்டு முடிகிறவரை நிற்பார். கால் வலிக்குமே, உட்காருங்கள் என்றால் கேட்கமாட்டார்.

“நீ வாசி” என்பார்.